மடையில் வைத்த கை

நான் பேய் வரைந்து சாப்பிடுகிறவள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், அடுத்து என் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லை. பெண் பார்க்க வந்த கடைசிக் குடும்பம் என் மேசைமேல் கிடந்த ரத்தக்காட்டேரியைப் பார்த்துவிட்டு, பாதிக் காப்பியோடு எழுந்து போனது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அம்மாதான் நல்ல பால் வீணாகிவிட்டது என்று இரண்டு நாள் புலம்பினாள்.

சென்னையில் ஒரு சின்ன பதிப்பகம் மாதாமாதம் திகில் கதைகளையும் மாயாஜாலக் கதைகளையும் காமிக்ஸாகப் போடுகிறது. கதையை அதன் ஆசிரியரே எழுதுவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் யார் அலறுகிறார்கள் என்பதுவரை எழுதி அனுப்பிவிடுவார். தஞ்சாவூரில் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு டேப்லெட்டில் நான் வரைந்து அனுப்புவேன்.

ஆரம்பத்தில் எல்லாரையும்போல நானும் வெளிநாட்டுப் பேய்களைத்தான் வரைந்தேன். முக்காடு, பனிமூட்டம், மொட்டை மரம், ஓநாய். தஞ்சாவூரில் ஓநாய்க்கு எங்கே போவது? எங்கள் தெரு நாயைப் பார்த்து வரைந்தால் அது பிஸ்கட் கேட்கிற முகத்தோடே வந்து நின்றது. எனக்கே பயம் வராத படத்தை அடுத்தவன் பார்த்து எப்படிப் பயப்படுவான் என்ற சந்தேகம் அப்போதுதான் பிடித்தது. பிடித்தால் விடமாட்டேன், அது என் சுபாவம். எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம், நீங்கள் எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன்.

கீரை விற்கும் அம்மா, "மேட்டூர்ல தண்ணி தொறக்கலன்னா பயம்தான்" என்றார். அறுவடை மிஷின் ஓட்டுகிறவர், கதிர் சாய்ந்து கிடக்கும்போது மேகம் கறுத்தால் வயிறு கலங்கும் என்றார். ஆட்டோக்காரர் ஒருவர், தனக்குப் பயம் என்பதே கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி முடிக்கவும் கூரையிலிருந்து ஒரு பல்லி அவர் தோளில் விழவும் சரியாக இருந்தது. வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கி ஓடினார். பேய் என்று மட்டும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

எனக்கு வேண்டிய பேய் முகங்கள் கடைசியில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கிடைத்தன. எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஒட்டுவார்கள். பின்னால் நீல வானம், இரண்டு புறா, ஒரு மெழுகுவத்தி. நடுவில் இறந்தவர் முகம். வாழ்நாளில் சட்டையே போடாத ஆளாக இருந்தாலும் கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிடுவார். அந்த முகம் பெரும்பாலும் ஆதார் அட்டைக்கோ பென்ஷன் புத்தகத்துக்கோ எடுத்த படமாக இருக்கும். "கண்ண மூடாம பாருங்க" என்று போட்டோ எடுப்பவர் அதட்டியிருப்பார். அந்த அதட்டலுக்கு அரண்டு விழித்த விழி அப்படியே பெரிதாகிச் சுவருக்கு வந்துவிடும். ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதை உற்றுப் பார்த்தேன். அந்த முகங்களைப் பார்த்தால் நமக்கு ஏன் திக்கென்கிறது? அவர்கள் நம்மை மிரட்டவில்லை. அவர்கள்தான் எதையோ பார்த்துப் பயந்துபோயிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து என் பேய்கள் எல்லாம் பயந்த பேய்கள். ஆசிரியருக்கு ஒரே குஷி. எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு முகத்தை முழுதாக எடுக்கக் கூடாது. ஒருவர் கண், இன்னொருவர் தாடை, மூன்றாமவர் நெற்றி என்று கலந்துவிட வேண்டும். பல வருஷம் இந்த விதியை மீறாமல் இருந்தேன்.

கீழ்வேளூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மீறினேன். பஸ் நிறுத்தத்தில் டீக்கடைச் சுவரில் அந்தப் போஸ்டர் இருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க மனிதர். ஒட்டிய கன்னம், இடது காது மடலில் ஒரு கிழிசல். கீழே இருந்த பெயரையும் ஊரையும் மறைத்துக்கொண்டு மூலம் பௌத்திரம் வைத்தியர் ஒருவர் தன் விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கண்களில் வெறும் பயம் மட்டும் இல்லை, ஏதோ ஒன்றைச் சொல்ல வந்து வேண்டாம் என்று நிறுத்திக்கொண்ட தோரணையும் இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டேன். எதைக் கலந்தாலும் கெட்டுப்போகும் என்று தோன்றியதால், காது கிழிசல் உட்பட அப்படியே வரைந்தேன்.

அது ஆறு பாகக் கதை. கதையின் விதை நான் கொடுத்ததுதான். குறுவைத் தண்ணீர் தட்டுப்பாடான காலத்தில் அடுத்தவன் வயல் மடையைத் திறந்து தண்ணீர் திருடியவன் செத்துப் பேயாகி, இன்னமும் மடைமடையாக அலைகிறான் என்று சின்ன வயதில் வீட்டில் கேட்டதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மந்திரவாதியையும் நாலைந்து பிணங்களையும் சேர்த்தார். ஆறாம் பாகத்தில் மந்திரவாதி பேயை மடைமேல் வைத்து எரிப்பதாக முடிவு. ஐந்து பாகங்கள் வெளியாகிவிட்டன. ஆறாவதை வரைய உட்காரும்போது ஆசிரியர் போன் செய்தார்.

"மேடம், கீழ்வேளூர்லேருந்து ஒரு அம்மா பேசினாங்க. அவங்க அப்பாவ நாம பேயாப் போட்டிருக்கமாம். கேஸு கீஸுன்னு ஆயிடப்போவுது. நீங்க ஏதும்..."

"தற்செயலா இருக்கும் தம்பி" என்றேன்.

அவர் அந்த அம்மாவின் நம்பரையும் விலாசத்தையும் கொடுத்தார். நான் போனில் பேசியிருக்கலாம். போனில் பொய் சொல்வது சுலபமும்கூட. ஆனால் அந்த மனிதர் யார், எதைச் சொல்ல வந்து நிறுத்தினார் என்று தெரிந்துகொள்கிற அரிப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாள் காலையிலேயே திருவாரூர் வழியாகப் பஸ் ஏறினேன். தற்செயல், தற்செயல் என்று வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

போன் செய்த பெண் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வயதுதான் இருக்கும். காலை ஷிப்ட் இல்லாத நாள். வாசலில் சேறு காயாத மண்வெட்டி சாய்த்து வைத்திருந்தது. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். சுவரில் அதே படம், சந்தனப் பொட்டு வைத்து, இங்கே வெள்ளைச் சட்டை இல்லாமல், மேலில் ஒரு துண்டோடு. கிழிந்த காது மடல் பளிச்சென்று தெரிந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"பாத்துதாங்க வரைஞ்சேன்" என்றேன். "டீக்கடைச் செவுத்துல. கேக்காம எடுத்தது தப்புதான்."

"துபாய்ல இருக்கற எந் தம்பிதான் மொதல்ல பாத்தான் மேடம். அக்கா, அப்பா படம் வந்துருக்குன்னு சந்தோசமாத்தான் சொன்னான்." ஐந்து புத்தகங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். "பேயாப் போட்டதுக்கு நான் கோவப்படல. பேயின்னா நாலு பேரு பயப்படுவாங்க. எங்கப்பாவப் பாத்து ஒருத்தரும் பயந்ததில்ல. அவருதான் எல்லாருக்கும் பயந்தாரு. இதுல பண்ணையாரே அவரப் பாத்து அலறிக்கிட்டு ஓடறாரு பாருங்க, அந்தப் பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஆனா திருடனாப் போட்டுட்டீங்களே."

நான் முதல் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"முப்பது வருசம் அடுத்தவங்க வயலுக்குத் தண்ணி பாச்சுனாரு. ஒரு வருசம், தண்ணி வராத வருசம், மடைய ஒடச்சது இவருதான்னு சொல்லி நாலு பேரு முன்னால கையக் கட்டி நிக்க வச்சாங்க. நான் இல்லீங்கன்னாரு. அத ஒருத்தரும் காதுல வாங்கல. அதுக்கப்பறம் அத அவரு ஒரு தடவகூடச் சொன்னதில்ல. எங்ககிட்டகூட." புடைவைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார், அங்கே தூசி எதுவும் இல்லை. "செத்ததுக்கப்பறம் நீங்களும் அதையே சொல்றீங்க. கலர்ல."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அது எவ்வளவு சின்ன சொல் என்று சொல்லும்போதே தெரிந்தது. அவருக்கு அது பத்தவில்லை. மூன்றாம் புத்தகத்தைத் திறந்து ஒரு முழுப்பக்கப் படத்தைக் காட்டினார். பேய் குனிந்து மடைமேல் கை வைத்திருக்கும் படம். விரல்களை அகல விரித்து, சேற்றில் உள்ளங்கை புதைய. ஆசிரியர் அந்தக் கையைப் பார்த்து மெய்சிலிர்த்துப் போனதாகச் சொல்லியிருந்தார். 'திறந்தான் மடையை!' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இது என்ன பண்ற கை மேடம்?" என்று கேட்டார்.

"மடைய... தொறக்கற கை."

"நீங்க மடை தொறந்திருக்கீங்களா?"

இல்லை. எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. பதினைந்து வயதுவரை வயலை ஒட்டிய வீட்டில் வளர்ந்தேன். வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன், சேற்றில் கை வைத்ததில்லை. விரித்த கை பார்க்கப் பயங்கரமாக இருக்கும் என்று வரைந்தேன், அவ்வளவுதான்.

அவர் தன் கையை அந்தப் படத்தின்மேல் விரித்து வைத்தார். "மடையத் தொறக்கணும்னா மம்பட்டியால மண்ண நம்ம பக்கமா இழுப்பாங்க. கையால அழுத்தறது மூடறதுக்கு. கட்டிய எடுத்து வச்சு, தண்ணி கசியாம உள்ளங்கையால அமுக்குவாங்க. நீங்க போட்டது மூடற கை. எங்கப்பா கை இப்படித்தான் இருக்கும்."

மற்றப் புத்தகங்களையும் புரட்டினோம். நானும் அவரும் மேசைக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக. இருபத்து மூன்று இடத்தில் பேய் மடைமேல் கை வைக்கிறது. இருபத்து மூன்றிலும் அழுத்துகிற கைதான். ஒரு இடத்தில்கூடத் திறக்கவில்லை. திருடினான் என்று சொன்னதெல்லாம் எழுத்து. அசையாத படத்தில் ஒரு கை மூடுகிறதா திறக்கிறதா என்று பக்கத்தில் இருக்கிற சொல்தான் முடிவு செய்கிறது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது உறைத்ததில்லை. வந்த காரியத்தை மறந்து நான் குதூகலமாகிவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவரும் லேசாகச் சிரித்தார்.

"கடைசிப் புஸ்தகத்துல அவர என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார்.

"எரிக்கிறதாக் கதை."

"எரிச்சுக்கிடுங்க. ஒரு தடவ எரிச்சாச்சு, நான்தான் கூட இருந்தேன். திருடன்னு சொல்லி எரிக்காதீங்க."

அன்று மதியச் சாப்பாடு அங்கேதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகமில்லை.

ஆசிரியரிடம் கதையை மாற்ற வேண்டும் என்றபோது குதித்தார். "மேடம், அஞ்சு பாகமா திருடன் திருடன்னு சொல்லிட்டு, ஆறாவதுல நல்லவன்னா வாசகர் கடிதாசியிலயே அடிப்பாங்க." நான் ஒன்றும் வாதாடவில்லை. ஐந்து புத்தகங்களையும் எடுத்து எழுத்தைப் படிக்காமல் கைகளை மட்டும் பாருங்கள், மண்வெட்டி எங்காவது இருக்கிறதா பாருங்கள் என்றேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"மேடம்! இத மொதல்லேருந்தே பிளான் பண்ணித்தான் வரைஞ்சீங்களா?"

"ஆமா தம்பி" என்றேன். வாழ்க்கையில் சில பொய்களைக் கூசாமல் சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் பாகத்தை அவர் இரண்டே நாளில் மாற்றி எழுதினார். பேய் இத்தனை காலமும், வேறொருவன் திறந்துவிட்ட மடைகளை மூடிக்கொண்டு அலைந்திருக்கிறது. மந்திரவாதி தீயோடு வரும்போது நிஜத் திருடன் கையும் களவுமாகப் பிடிபடுகிறான். பேய் எரியவில்லை, வாய்க்காலில் இறங்கித் தண்ணீரோடு போய்விடுகிறது. எல்லாம் சரி, ஆனால் ஒரு சிக்கல். "திருடன் முகம் ஒரு முழுப்பக்கம் வரணும் மேடம். மனசுல நிக்கற முகமா குடுங்க" என்று எழுதியிருந்தார்.

பழக்கதோஷத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சுவரில் புதிதாக ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் முகம் திருடனுக்கென்றே செய்தமாதிரி இருந்தது, கோணல் மீசை, இடுங்கிய கண். போனை எடுத்துவிட்டு உள்ளே வைத்தேன். அவருக்கும் எங்காவது ஒரு மகள் இருப்பாள். நாலு நாள் சும்மா கற்பனையிலிருந்து முகங்களை வரைந்து பார்த்தேன். எல்லாம் சினிமா வில்லனாகவே வந்தன.

ஐந்தாம் நாள் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவின் படத்தைப் பார்த்தேன். அப்பா போய் எட்டு வருஷமாகிறது. அவருக்கும் புறாவோடு போஸ்டர் அடித்தோம். எனக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்கும். படம் வரைகிறேன் என்றபோது மற்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அவர் மட்டும் கும்பகோணம் போய் வாட்டர் கலர் டப்பா வாங்கி வந்தார்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். குறுவைக்குத் தண்ணீர் முறை வைத்து விட்ட வருஷம். இன்னும் சரியாக விடியவில்லை. ஒன்றுக்குப் போக எழுந்து கொல்லைப்பக்கம் வந்தபோது அப்பா அடிபம்பில் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கைவரை சேறு. என்னைப் பார்த்ததும், "மாடு அவுத்துக்கிட்டு ஓடிடுச்சு, புடிச்சுக் கட்டிட்டு வந்தேன். நீ போயிப் படு" என்றார். எங்கள் வயலுக்கு அன்றைக்கு முறை இல்லை. அன்று மத்தியானம் வாய்க்கால் கரையில் கூட்டமாக இருந்தது. நர்ஸின் அப்பாவைப்போலவே எங்கள் ஊரில் தண்ணீர் பாய்ச்சிய ஒருவரைக் கையைக் கட்டி நிற்க வைத்திருந்தார்கள். அப்பாவும் கூட்டத்தில் இருந்தார். "எவனோ மடைய ஒடைச்சிட்டான்" என்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். எங்கள் வீட்டில் எவனோ என்றால் எப்போதும் கூலிக்கு வருகிற அந்தத் தெரு ஆட்கள்தான். நான் ஆசிரியரிடம் சொன்ன கதையும் அந்தச் சாப்பாட்டில் கேட்டதுதான். மாடுகள் இரண்டும் காலையில் கொட்டகையில் கட்டியபடி நின்றதை நான் பார்த்திருந்தேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு முப்பது வருஷமும் ஒரு நர்ஸின் கையும் தேவைப்பட்டன.

கையைக் கழுவிவிட்டு மேசைக்குப் போனேன். அந்தப் பக்கத்தை வரைய இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. எதையும் கலக்கவில்லை. வரைந்து முடித்த பிறகு அழுதேன். படத்தை அழிக்கவில்லை.

புத்தகம் வந்த அன்று அம்மா என் மேசையிலிருந்து தானாகவே எடுத்துப் பார்த்தாள். வழக்கமாக என் புத்தகங்களைத் தொடமாட்டாள், கெட்ட கனவு வருமாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"மம்பட்டி எங்க?" என்றாள்.

"எது?"

"மம்பட்டி இல்லாம போவமாட்டாரே." புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, உளுந்து களைய எழுந்து போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நர்ஸ் கூப்பிட்டார். தெருவில் பதினோரு பேர் புத்தகம் வாங்கியிருக்கிறார்களாம். அவர் அப்பாவைக் கையைக் கட்டி நிற்கச் சொன்ன வீட்டு வாசலில் துபாய்த் தம்பி சொல்லி ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அந்தத் திருடன் மூஞ்சி யாருது? அதுவும் செவுத்துலேருந்து எடுத்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க. எங்கப்பா."

போனில் பின்னால் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"உங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

"அவங்க கண்ணுல படாம எடுத்து வச்சிருங்கக்கா" என்றார்.

சரிங்க என்றேன். அம்மா பார்த்துவிட்டாள் என்று அவரிடம் சொல்லவில்லை.